ஷேப்ஸ் விளையாட்டு: "ஒரு பெல்ட் நிறைய" என்ற கணக்கு

தொழிற்சாலை கட்டும் கணினி விளையாட்டுகளைப் புதிதாகத் தொடுகிறவர்களுக்கு ஷேப்ஸ் (shapez) நல்ல தொடக்கம். 2020 ஜூனில் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வெளிவந்தது. வட்டம், சதுரம், நட்சத்திரம், காற்றாடி என்று வண்ணப் புத்தகத்திலிருந்து கத்தரித்து வைத்தது போன்ற உருவங்கள். அவற்றைத் தோண்டி எடுத்து, வெட்டி, திருப்பி, சாயம் பூசி, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, நடுவில் இருக்கும் ஹப்புக்கு அனுப்ப வேண்டும். எதிரி கிடையாது, பணம் கிடையாது, கெடு கிடையாது. எந்த மிஷினையும் எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம், செலவே இல்லை. பார்க்க அவ்வளவு சாதுவாக இருந்தாலும் பத்தாவது லெவலைத் தாண்டுவதற்குள் பலர் சிக்கி நின்றுவிடுகிறார்கள். மிஷின்களை எண்ணுகிறார்கள், பெல்ட்டை எண்ணுவதில்லை என்பதுதான் காரணம்.

இங்கே சொல்வதெல்லாம் முதல் ஷேப்ஸின் முழுப் பதிப்புக்கு. 2024-இல் வந்த ஷேப்ஸ் 2 முப்பரிமாண விளையாட்டு. அதன் கணக்கு வேறு, இதை அங்கே கொண்டுபோய்ப் பொருத்த வேண்டாம்.

முதலில் மனப்பாடம் செய்ய வேண்டிய எண்கள்

அப்கிரேடு, அதாவது வேகத்தைக் கூட்டும் மேம்பாடு, எதுவும் செய்யாத நிலையில் ஒரு பெல்ட் நொடிக்கு 2 உருவங்களைக் கடத்தும். இதைத்தான் "ஒரு பெல்ட்" என்று அளவாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெல்ட்டை இடைவெளியில்லாமல் நிரப்பவோ, நிறைந்து வரும் பெல்ட்டைத் தேங்காமல் கையாளவோ எத்தனை மிஷின் வேண்டும் என்பது இதோ:

எக்ஸ்ட்ராக்டர் (தோண்டுவது) – 5
கட்டர் (வெட்டுவது) – 4
ரொட்டேட்டர் (திருப்புவது) – 1
மிக்சர் (சாயம் கலப்பது) – 5
பெயிண்டர் (சாயம் பூசுவது) – 6
ஸ்டேக்கர் (அடுக்குவது) – 8

ஒரே ஒரு பெயிண்டரை வைத்துவிட்டு "ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறது" என்று காத்திருப்பதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்வது. ஏழாவது லெவல் 300 சிவப்பு வட்டங்களைக் கேட்கும். ஒரு பெயிண்டர் என்றால் 15 நிமிடம். ஆறு பெயிண்டர் என்றால் இரண்டரை நிமிடம். ஆறும் இலவசம் என்னும்போது ஒன்றோடு உட்கார்ந்திருப்பதில் அர்த்தமில்லை.

தொடக்கம்: முதல் நான்கு லெவல்

ஹப் நான்குக்கு நான்கு கட்டம். ஒவ்வொரு பக்கமும் நான்கு வாசல், மொத்தம் பதினாறு. ஒரே பெல்ட்டில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதை முதல் நிமிடத்திலேயே கவனித்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு ஒரு பக்கத்தை மட்டும் பயன்படுத்தி, மற்ற மூன்றையும் காலியாக விட்டுவையுங்கள். பின்னால் அந்த இடம் தேவைப்படும்.

முதல் லெவல் 30 வட்டம். வட்டங்கள் சிதறிக் கிடக்கும் திட்டுக்கு நடுவே ஒரு பெல்ட்டை ஓட விட்டு, அதன் இரு பக்கமும் எக்ஸ்ட்ராக்டர்களைப் பெல்ட்டைப் பார்த்தபடி வையுங்கள். ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு. ஐந்தோடு பெல்ட் நிறைந்துவிடும். ஆறாவது வைத்தால் கெடுதல் ஒன்றுமில்லை, பயனும் இல்லை.

'ஆர்' விசை மிஷினைத் திருப்பும். 'டி' (T) அதே மிஷினின் வேறு வடிவத்துக்கு மாற்றும். 'கியூ'வை ஏற்கெனவே வைத்த ஒன்றின் மேல் அழுத்தினால் அதே மிஷின் அதே திசையில் கைக்கு வரும். அழிக்க வலது கிளிக். தொலைந்துபோனால் ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள், ஹப்புக்குத் திரும்பிவிடுவீர்கள்.

இரண்டாவது லெவலில் கட்டர் வரும். வட்டத்தின் இடது பாதி 40 வேண்டும். கட்டரைப் பற்றி இரண்டு விஷயம். ஒன்று, மிஷினை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் உருவத்தை அது மேலிருந்து கீழாகத்தான் வெட்டும். மிஷினைத் திருப்பினால் வெட்டும் கோடும் திரும்பும் என்று நினைத்து மல்லாடுகிறவர்கள் ஏராளம். இரண்டு, இரண்டு பாதியும் வெளியேற வழி இருக்க வேண்டும். வேண்டாத பாதி வாசலிலேயே தேங்கி நின்றால், வேண்டிய பாதியும் வராது. வேண்டாததைக் குப்பைத்தொட்டிக்கு விடலாம். அல்லது ஹப்புக்கே அனுப்பிவிடலாம். இலக்கில் இல்லாத உருவத்தையும் ஹப் வாங்கி வைத்துக்கொள்ளும்.

மூன்றாவது முழுச் சதுரம், நான்காவது சதுரத்தின் வலது பாதி, தலா 70. அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

வெட்டித் திருப்பும் வேலை

ஐந்தாவது லெவலில்தான் யோசிக்க வேண்டியிருக்கும். வட்டத்தின் மேல் பாதி 170 வேண்டும். கட்டரோ இடம், வலம் என்று மட்டுமே பிரிக்கும். ரொட்டேட்டர் இப்போது கையில் இருக்கிறது, அது வலஞ்சுழியாக ஒரு கால் சுற்றுத் திருப்பும். இடது பாதியை ஒரு முறை திருப்பினால் மேல் பாதி. வலது பாதியை மூன்று முறை திருப்பினாலும் மேல் பாதிதான். ஒரு பெல்ட்டுக்கு ஒரு ரொட்டேட்டர் போதும் என்பதால் மூன்றை வரிசையாக வைப்பதில் வேகம் குறையாது. ஆகவே எதையும் குப்பையில் போடாமல் ஒரு வட்டத்திலிருந்து இரண்டு மேல் பாதி எடுக்கலாம். இடஞ்சுழி ரொட்டேட்டர் ஏழாவது லெவல் முடிந்ததும் கிடைக்கும். அதன்பிறகு அந்த மூன்றின் இடத்தில் ஒன்று போதும்.

ஆறாவது லெவல் கேட்பது மேல் வலது கால்துண்டு, 270. ஐந்தாவதில் கட்டிய வரிசையை இடிக்க வேண்டாம். அதன் முடிவில் வரும் மேல் பாதியை மீண்டும் ஒரு கட்டரில் விடுங்கள். வலது வாசலில் வருவது கேட்ட துண்டேதான். இடது வாசலில் வருவது மேல் இடது துண்டு. அதற்கு ஒரு ரொட்டேட்டர் வைத்தால் அதுவும் மேல் வலதாகிவிடும். ஒரு வட்டத்துக்கு நான்கு கால்துண்டு, சேதாரம் பூஜ்யம்.

இடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. லெவல் முடிந்ததும் பழைய வரிசையைக் கலைத்துவிடுகிறவர்கள் பின்னால் வருத்தப்படுவார்கள். 'எஃப்' விசையை அழுத்தினால் வரும் அப்கிரேடுப் பலகை, முந்தைய லெவல்களில் செய்த அதே உருவங்களை நூற்றுக்கணக்கில் கேட்கும். பழைய வரிசை ஓடிக்கொண்டே இருந்தால் ஹப்பில் சேமிப்பு தானாகப் பெருகும். இன்னொரு சூட்சுமம்: அப்கிரேடுக்குக் கொடுப்பது அந்தச் சேமிப்பிலிருந்துதான் கழியும். இப்போதைய இலக்கும் அதே உருவமாக இருந்தால், அப்கிரேடு வாங்கியதும் இலக்கின் எண்ணிக்கை சரசரவென்று குறைவதைப் பார்ப்பீர்கள். அது பிழையில்லை.

சாயம்: முதலில் பூசு, பிறகு வெட்டு

பெயிண்டருக்கு இரண்டு வாசல், உருவத்துக்கு ஒன்று, சாயத்துக்கு ஒன்று. மாற்றி இணைத்தால் எதுவும் நகராது. பெல்ட் வரும் பக்கம் ஒத்துவரவில்லை என்றால் 'டி'யைத் தட்டுங்கள், கண்ணாடியில் தெரிவது போன்ற மறுவடிவம் வரும்.

எட்டாவது லெவல் நீலச் சதுரத்தின் வலது பாதி கேட்கும், 480. இங்கே இரண்டு வழி. வெட்டிய பாதிக்குப் பூசலாம், அல்லது முழுச் சதுரத்துக்குப் பூசிவிட்டு வெட்டலாம். முழு உருவமோ கால்துண்டோ, ஒரு தடவை பூச ஒரு சாயம்தான், நேரமும் அதேதான். ஆகவே முதலில் பூசிவிட்டு வெட்டினால் பெயிண்டரும் சாயமும் பாதி போதும். இடது பாதியை இரண்டு முறை திருப்பி வலது பாதியாக்கிக்கொள்ளலாம். ஒரே நிறத் துண்டுகள் வேண்டும்போதெல்லாம் இதுதான் முறை.

ஆறு பெயிண்டருக்கு ஒரு பெல்ட்டை எப்படிப் பங்கிடுவது? பேலன்சர் இரண்டாகப் பிரிக்கும். இரண்டை நான்காக, நான்கை எட்டாகப் பிரிக்கலாம், ஆறு வராதே என்று கவலைப்பட வேண்டாம். பெல்ட்டை நேராக ஓட விட்டு, ஒவ்வொரு பெயிண்டரின் அருகிலும் ஒரு பேலன்சர் வைத்து ஒரு கிளையை ஒடித்துக் கொடுங்கள். கடைசிப் பெயிண்டருக்கு மிச்சம் நேராகப் போகட்டும். தொடக்கத்தில் முதல் பெயிண்டர் பாதியை விழுங்கும், கடைசியில் இருப்பது பட்டினி கிடக்கும். சில நொடிகளில் முதல் கிளை நிறைந்து தேங்கியதும், பேலன்சர் மீதியை முன்னால் தள்ளிவிடும். அப்படியே ஆறும் நிறையும். சாயப் பெல்ட்டுக்கும் இதே ஏற்பாடு. இரண்டும் குறுக்கிடும் இடத்தில் ஒன்றை மற்றதன் அடியில் கொண்டுபோக டனல்.

நிறக்கலவையில் கையால் பெயிண்ட் கலந்து பழகியவர்கள் ஏமாறுவார்கள். இது ஒளியின் கணக்கு. சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள். பச்சையும் நீலமும் சேர்ந்தால் வெளிர்நீலம். சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா. மூன்றும் சேர்ந்தால் வெள்ளை. மிக்சர் ஒவ்வொரு பக்கமும் ஒன்று எடுத்து ஒன்றைத்தான் திருப்பிக் கொடுக்கும். அதாவது ஒரு பெல்ட் ஊதாவுக்கு ஒரு பெல்ட் சிவப்பு, ஒரு பெல்ட் நீலம் என்று பத்து எக்ஸ்ட்ராக்டர் வேண்டும். வெள்ளைக்குப் பதினைந்து. சாயத்தில் கஞ்சத்தனம் காட்டியதுதான் ஒன்பதாவது, பத்தாவது லெவல்கள் இழுத்துக்கொண்டு போவதற்குப் பெரும்பாலும் காரணம்.

ஸ்டேக்கர், பதினொன்றாவது லெவல்

மேல் பாதி பச்சை வட்டம், கீழ்ப் பாதி வெளிர்நீல நட்சத்திரம், 1000 உருவங்கள். இதற்குத்தான் ஸ்டேக்கர்.

ஸ்டேக்கரின் விதி எளிது. இரண்டு வாசலில் வரும் துண்டுகள் ஒன்றோடொன்று மோதாமல் பக்கத்தில் பக்கத்தில் பொருந்துமானால், ஒரே அடுக்காக ஒட்டிவிடும். மோதினால், வலது வாசலில் வந்தது இடது வாசலில் வந்ததன் மேல் ஏறும். இந்த லெவலில் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் மோதாது, எனவே எது இடம், எது வலம் என்ற கவலை இல்லை. அடுத்த லெவலில் அந்தக் கவலை வரும்.

ஒரு பெல்ட் நிறைய வெளிவர வேண்டும் என்று வைத்துக்கொண்டு பின்னாலிருந்து கணக்குப் போடுவோம். கடைசியில் ஸ்டேக்கர் 8. ஒவ்வொரு வட்டமும் இரண்டு பாதி தரும் என்பதால் வட்டம் அரை பெல்ட் போதும்: எக்ஸ்ட்ராக்டர் 3, பெயிண்டர் 3, கட்டர் 2. வெட்டிய இடது பாதியை வலஞ்சுழியாக ஒரு முறையும், வலது பாதியை இடஞ்சுழியாக ஒரு முறையும் திருப்பினால் இரண்டுமே மேல் பாதி. நட்சத்திரத்துக்கும் அதே 3, 3, 2. திருப்புவது மட்டும் தலைகீழ். இடது பாதி இடஞ்சுழி, வலது பாதி வலஞ்சுழி, இரண்டும் கீழ்ப் பாதி. சாயத்தில் வட்டத்துக்கு அரை பெல்ட் பச்சை, நட்சத்திரத்துக்கு அரை பெல்ட் வெளிர்நீலம். வெளிர்நீலத்துக்கு மிக்சர் 3, உள்ளே அரை பெல்ட் பச்சை, அரை பெல்ட் நீலம். ஆக மொத்தம் பச்சைக்கு எக்ஸ்ட்ராக்டர் 5, நீலத்துக்கு 3.

இப்படிக் கட்டினால் 1000 உருவம் வர 500 நொடி, எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல். எல்லாம் சரியாகக் கட்டிவிட்டு ஸ்டேக்கரை மட்டும் ஒன்றாக விட்டால் 4000 நொடி, ஒரு மணி நேரத்துக்கும் மேல். ஒரு வரிசையின் வேகம் அதிலுள்ள மிக மெதுவான மிஷினின் வேகம்தான்.

புளூபிரிண்ட் உருவம்

பன்னிரண்டாவது லெவலின் உருவத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதை முடித்தால் புளூபிரிண்ட், அதாவது கட்டியதை அப்படியே நகலெடுத்து வைக்கும் வசதி, கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு நகலுக்கும் இதே உருவத்தைத்தான் கட்டணமாகக் கேட்பார்கள். பெரிய நகலுக்கு அதிகம், சின்னதற்குக் குறைவு. அதனால் இந்த வரிசையை 1000-க்காக மட்டும் கட்டாதீர்கள். ஹப்பில் ஒரு வாசலை இதற்கென்றே நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள்.

கீழ் அடுக்கு: மூன்று நீல வட்டக் கால்துண்டுகள், மேல் இடது மூலையில் மட்டும் நீலச் சதுரத் துண்டு. அதன்மேல் முழு வெள்ளை வட்டம்.

நொடிக்கு ஒன்று, அதாவது அரை பெல்ட் என்று திட்டமிடுங்கள். முதல் முயற்சிக்கு அது போதும்.

நீல வட்டம். பெயிண்டர் 3-இல் பூசி, கட்டர் 2-இல் வெட்டுங்கள். வலது பாதி அப்படியே தேவை. இடது பாதியை வலஞ்சுழியாகத் திருப்பி மீண்டும் கட்டர் 2-இல் வெட்டுங்கள். இடது வாசலில் வரும் துண்டை இடஞ்சுழியாகத் திருப்பினால் கீழ் இடது மூலைக்கு வந்துவிடும். வலது வாசலில் வருவது உபரி, அதற்குக் குப்பைத்தொட்டி. இந்தத் தொட்டியை மறந்தால் முழு வரிசையும் ஐந்து நிமிடத்துக்குள் உறைந்து நிற்கும். வலது பாதியையும் கீழ் இடது துண்டையும் ஸ்டேக்கர் 4-இல் சேர்த்தால் முக்கால் வட்டம் தயார்.

நீலச் சதுரம். ஒரு சதுரத்திலிருந்து நான்கு கால்துண்டு கிடைக்கும் என்பதால் எக்ஸ்ட்ராக்டர் 1, பெயிண்டர் 1, அடுத்தடுத்து இரண்டு கட்டர் போதும். ஆறாவது லெவலில் செய்த அதே வித்தைதான், மூலை மட்டும் மேல் இடது. முக்கால் வட்டத்தோடு இதைச் சேர்க்க இன்னொரு 4 ஸ்டேக்கர்.

வெள்ளை வட்டம். மஞ்சளுக்கு மிக்சர் 3, அதோடு நீலம் கலந்து வெள்ளையாக்க மிக்சர் 3, பூசப் பெயிண்டர் 3. கடைசி 4 ஸ்டேக்கரில் கீழ் அடுக்கு இடது வாசலிலும் வெள்ளை வட்டம் வலது வாசலிலும் போக வேண்டும். மாறிப்போனால் வெள்ளை அடியில் போய்விடும். ஹப் அதையும் முணுமுணுக்காமல் வாங்கிக்கொள்ளும், ஆனால் இலக்கில் ஒன்றுகூட ஏறாது. பெல்ட் ஓடுகிறது, எண் மட்டும் நகரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

மூலப்பொருள்: வட்டத்துக்கு எக்ஸ்ட்ராக்டர் 5, நீலத்துக்கு 6, சிவப்புக்கு 3, பச்சைக்கு 3. பதினொன்றாவது லெவல் முடித்ததும் எக்ஸ்ட்ராக்டர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும் வகை கிடைத்திருக்கும். பெல்ட் நுழைய முடியாத திட்டின் உட்பகுதியையும் அதனால் எடுக்கலாம்.

முடித்ததும் கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு இழுத்துத் தேர்ந்தெடுத்து, 'சி' விசையைத் தட்டுங்கள். முதலில் நகலெடுக்க வேண்டியது ஆறு பெயிண்டர் கொண்ட ஒரு தொகுதியும் எட்டு ஸ்டேக்கர் கொண்ட ஒரு தொகுதியும். இவை இரண்டும் எந்த லெவலிலும் பயன்படும்.

அப்கிரேடு செய்தால் கணக்கு ஏன் குலைகிறது

அப்கிரேடு நான்கு பிரிவு. பெல்ட், பேலன்சர், டனல் ஒன்று. தோண்டுவது ஒன்று. வெட்டுதல், திருப்புதல், அடுக்குதல் ஒன்று. கலத்தல், பூசுதல் ஒன்று. நான்கும் ஒரே அளவில் இருக்கும்வரை 5, 4, 1, 5, 6, 8 மாறாது. பெல்ட்டை மட்டும் இரண்டு மடங்காக்கினால் அதை நிரப்ப 10 எக்ஸ்ட்ராக்டர், 12 பெயிண்டர் தேவைப்படும். பெல்ட் அப்கிரேடு வாங்கியதும் உருவங்கள் இடைவெளி விட்டு வருகின்றன என்றால் எதுவும் கெட்டுப்போகவில்லை, தோண்டும் வேகம் பின்தங்கிவிட்டது, அவ்வளவே. நான்கையும் கூடியவரை சேர்ந்தே ஏற்றுங்கள்.

எங்கே அடைக்கிறது என்று கண்டுபிடிக்க

ஹப்பிலிருந்து பின்னோக்கி நடங்கள். பெல்ட்டில் இடைவெளி தெரிகிறதா? குறை அதற்கு முந்தைய இடத்தில், எக்ஸ்ட்ராக்டர் பக்கம். ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நெருங்கி நகராமல் நிற்கிறதா? குறை அதற்கு அடுத்து, ஹப் பக்கம். இடைவெளியான பெல்ட்டுக்கும் நெருங்கிய பெல்ட்டுக்கும் நடுவே நிற்கும் மிஷின்தான் குற்றவாளி. அங்கே மிஷின் போதவில்லை, அல்லது அதன் இன்னொரு வாசல் பட்டினி கிடக்கிறது, அல்லது உபரித் துண்டு வெளியேற வழியில்லை. இந்த மூன்றுக்கு வெளியே காரணம் அபூர்வம்.

அபூர்வமான நான்காவது, பெல்ட்டில் தவறான உருவம் ஒன்று கலந்துவிடுவது. இணைப்பை மாற்றும்போது பழைய துண்டு ஒன்று மாட்டிக்கொண்டு, சாய வாசலின் முன்போ, வேறு எங்கோ நின்று வழியை மறிக்கும். அந்தப் பெல்ட் கட்டத்தை அழித்துவிட்டு மீண்டும் வைத்தால் மேலிருந்த துண்டும் போய்விடும்.

பதினான்காவது லெவலில் ஒரு மாற்றம் காத்திருக்கும். அதுவரை எண்ணிக்கை சேர்ந்தால் போதும், இரவு முழுக்க ஓடவிட்டும் முடிக்கலாம். இதுவோ நொடிக்கு 8 என்று வேகத்தைக் கேட்கும். சேமிப்பு கைகொடுக்காது. அப்கிரேடு இல்லாத பெல்ட் என்றால் நான்கு நிறைந்த பெல்ட்கள் ஒரே நேரத்தில் ஹப்புக்குள் போக வேண்டும். பெல்ட் வேகத்தை இரட்டிப்பாக்கி, மற்றவற்றையும் அதே அளவுக்கு ஏற்றியிருந்தால் இரண்டு. தொடக்கத்தில் காலியாக விடச்சொன்ன ஹப்பின் பக்கங்கள் இப்போது பயன்படும். 'ஜி' விசையில் வரும் புள்ளிவிவரப் பலகையில் எந்த உருவம் என்ன வேகத்தில் வருகிறது என்று பார்த்து, எந்தக் கிளை குறைகிறதோ அதற்கு மட்டும் ஒரு தொகுதி நகலை ஒட்டுங்கள்.